காந்தத்தில் ஒட்டாத ஸ்க்ரூ

இது நடந்தது. கட்டிவிட்ட கதை கிடையாது. ஆம்பூர் பைபாஸ் ஓரம், போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில், காக்கா பறந்தால் வறுவலாகக் கீழே விழும் என்கிற மாதிரி காய்ந்த ஒரு நாளின் சாயங்காலம் நடந்தது.

சந்தேகம் இருப்பவர்கள் நேரே அந்த ஷூ கம்பெனிக்குப் போய் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சாமுவேலைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. பெல்ட், சாவி, சில்லறை, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றி அவர் நீட்டும் பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த பெரிய மனிதர் ஒருவர், பெல்ட் போன பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே முதலாளி அறைக்கு நடந்ததை ஆம்பூர் இன்னும் மறக்கவில்லை. ஏன், முதலாளியையே ஒருநாள் மூன்று தடவை திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட தொப்பி.

"நாட்டோட எல்லை காஷ்மீர்ல இருக்குதுன்னு நெனச்சுக்காதீங்க. இங்க இருக்குது" என்று தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டுவார் சாமுவேல்.

அந்த எல்லையில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாசல். கதவில்லாத நிலைப்படி மாதிரி நிற்கும். இரண்டு தூணிலும் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். உடம்பில் எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறதோ அந்த உயரத்தில் விளக்கு எரியும். கூடவே 'டூ...ட்' என்று கத்தும். இடுப்பில் சாவி என்றால் இடுப்பு உயரம். சட்டைப் பையில் பேனா என்றால் நெஞ்சு உயரம்.

ஷூ தைக்கிற கம்பெனிக்கு இவ்வளவு காவல் எதற்கு? அதற்கும் காரணம் இருக்கிறது.

அந்தச் சாயங்காலத்துக்கு ஏழு வருஷம் முன்பு கம்பெனியிலிருந்து நான்கு பேர் வடக்கே ஒரு பெரிய ஊருக்கு ஷூ கண்காட்சிக்காகப் போனார்கள். தைத்துக் காட்ட மூன்று டெய்லர்கள், கூட ஒரு மெக்கானிக். திரும்பி வருவதற்கு ரயிலடியில் நின்றார்கள். பிளாட்பாரத்து டீக்கடைப் பக்கம் யாரோ ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருந்தான். வெடித்தது. இந்த நாட்டின் மேல் யாருக்கோ இருந்த வெறி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது.

மூன்று பெட்டிகள் ஆம்பூருக்கு வந்தன. நான்காவது வரவில்லை.

அந்த நான்காவது ஆள் பட்டம்மாள். சாமுவேலின் மனைவி.

சாமுவேல் அப்போது தோல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ராணிப்பேட்டை பக்கம் வண்டியை ஓரம் கட்டி அவளிடமிருந்து வந்த போனை எடுத்தார். "இன்னாய்யா, சாப்ட்டியா? ரயிலு வர இன்னும் நேரம் இருக்குது. ஒரு டீ குடிச்சுட்டு ஏறிடறேன். வை" என்றாள். அவ்வளவுதான். அதுதான் கடைசி.

அந்த ஊருக்கே போய் ஒரு மாதம் அலைந்தார். "இடது கால்ல, முழங்காலுக்குக் கீழ தகடு வெச்சிருக்குது சார்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஹைவேயைக் கடக்கும்போது வேன் இடித்து, வேலூர் ஆஸ்பத்திரியில் போட்ட தகடு. எழுதிக்கொண்டார்கள். ஒரு ஆபீஸில் எழுதியது இன்னொரு ஆபீஸுக்குப் போய்ச் சேரவில்லை. ரத்தம் எடுத்தார்கள். புருஷன் ரத்தம் இந்தச் சோதனைக்கு உதவாதாம். பெற்ற பிள்ளை வேண்டும், இல்லை கூடப் பிறந்தவர் வேண்டும். பட்டம்மாளுக்கு இரண்டும் இல்லை. 'காணவில்லை' என்று ஒரு சொல்லோடு அனுப்பிவைத்தார்கள்.

திரும்பி வந்தவர் லாரியை விட்டார். கம்பெனியில் புதிதாக டிடெக்டர் வாசல் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பிளாட்பார வாசலில் எவனாவது ஒருத்தன் ஒழுங்காகப் பார்த்திருந்தால்... அந்த நினைப்புதான் அவரைத் தினமும் நாற்காலியில் உட்காரவைக்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது? இரண்டு டம்ளர். ஒன்று நனையவே நனையாது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக் கல். மூன்று பெயர்கள். கீழே ஒரு வரி அளவுக்கு இடம் வெறுமையாக.

வருஷா வருஷம் அந்தத் தேதியில் கல்லுக்கு மாலை போடுவார்கள். இரண்டு நிமிஷம் எல்லா மெஷினும் நிற்கும். போலீஸ்காரர் வந்து உறுதிமொழி சொல்லித் தருவார். மூன்று பெயர்களை உரக்கப் படிப்பார்கள். மூன்றாவது பெயர் முடிந்ததும் சாமுவேல் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். அவர் ஷூவுக்கு லேஸ் கிடையாது.

போன வருஷம், அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம். மேனேஜர் வக்கார் அகமது கேட்டுக்கு வந்தார்.

"சாமுவேல், நாளையோட ஏழு வருஷம் ஆவுது. ஏழு வருஷம் ஆள் வரலைன்னா, இல்லைன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்துடுமாம். நீ ஊம்னு ஒரு வார்த்தை சொல்லு. வக்கீலு மனு போட்டுடுவாரு. கல்லு வெட்டறவனை வரச் சொல்லிட்டேன். பேரைப் போட்டுடலாம்."

சாமுவேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே துடைத்தார்.

"மூணு பேருக்கு மாலை விழுவுது. நம்ம பட்டம்மாளுக்கு ஒரு பூ கெடையாது. எனக்கே பேஜாரா இருக்குதுப்பா."

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

"போன வருஷமும் இதான் சொன்ன."

வக்கார் போய்விட்டார். சாமுவேல் அந்த வெறும் வரியைப் பார்த்தார். 'ஊம்' என்றால், தன் வாயாலேயே அவளை முடித்துவிட்ட மாதிரி. வேண்டாம் என்றால், பஸ்ஸில் மறந்துவிட்ட குடை மாதிரி அவள் காலம் பூராவும் காணாமல் போனவளாகவே கிடப்பாள். மரியாதை இல்லை. மாலை இல்லை. பெயர்கூட இல்லை.

நாளைக் காலைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் ஊர் ஊராகப் பாதுகாப்பு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சைரன் ஊதினால் விளக்கை எல்லாம் அணைக்க வேண்டும். அன்று ஆம்பூரின் முறை. மத்தியானமே போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஏழு மணிக்கு மெயினையே எறக்கிடு. ஒரு பல்பு எரிஞ்சாலும் மேல இருந்து எதிரிக்குத் தெரியும்."

"பிரியாணி அண்டாக்குக் கீழ அடுப்பு எரியுமே சார். அது தெரியாதா?"

"அதைப் பார்த்தா எதிரி எறங்கி வந்து சாப்ட்டுப் போய்டுவான்யா. நீ மெயினை எறக்கு."

ஒத்திகைக்காக ஐந்து மணிக்கே வேலை முடிந்தது. நானூறு பெண்கள் கேட்டைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்தது வஹீதா. தையல் ஹாலில் ஊசிக்குப் பொறுப்பு அவள்தான். அந்த வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பட்டம்மாள்.

ஷூ கம்பெனியில் ஊசி என்பது சாதாரண விஷயமில்லை. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். எள்ளளவு முனை ஷூவுக்குள் மாட்டிக்கொண்டு, வெளிநாட்டில் ஒரு குழந்தையின் காலில் குத்தினால் கம்பெனி கதை முடிந்தது. அதனால் ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். கம்பில் கட்டிய காந்தத்தை மெஷினுக்கு அடியில் இழுத்து இழுத்துத் தேடுவார்கள். கிடைத்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்து, முழு ஊசி ஆனால்தான் லைன் மறுபடி ஓடும்.

இதில் பட்டம்மாள் ராட்சசி. ஒருமுறை கடுகளவு முனைக்காக மொத்த ஹாலையும் ராத்திரிவரை தவழவைத்தாள் என்பார்கள். மேனேஜர் வக்காரும் தவழ்ந்தாராம்.

ஆனால் அதே ராட்சசி வேறொரு வேலையும் செய்வாள். லைனில் எந்தப் பெண்ணுக்காவது காய்ச்சல், மயக்கம் என்றால், சூப்பர்வைசர் எழுந்துபோக விடமாட்டான். அப்போது பட்டம்மாள் தன் ஊசியை உடைப்பாள். ஒரு துண்டைக் கொண்டைக்குள் சொருகிக்கொள்வாள். அவ்வளவுதான். லைன் நிற்கும். எல்லாரும் தேடுவார்கள். அந்தப் பெண் சுவரோரம் சாய்ந்துகொள்ளும். கால் மணி நேரம் கழித்து, "அட, இங்கதான் கெடக்குது" என்று துண்டை நீட்டுவாள் பட்டம்மாள்.

"அக்கா சொல்லும்ணா," என்று வஹீதா அன்றைக்குக்கூடச் சொன்னாள். "நாம கெடந்தா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்டீ, ஒரு துண்டு கொறஞ்சாத்தான் கம்பெனியே குனிஞ்சு தேடும்னு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

சாமுவேல் தனியாக இருந்தார்.

ஏழு மணிக்குச் சைரன் ஊதியது. குடியாத்தம்வரை கேட்டிருக்கும். மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். கம்பெனி இருண்டது. பைபாஸ் இருண்டது. மலை எது, வானம் எது என்று தெரியவில்லை. தோல் வாசனையும் கொசுவும் மட்டும் மிச்சம்.

சைரன் மெல்ல இறங்கி அடங்கியது.

அப்போது...

டூ...ட்.

டிடெக்டர் வாசல்.

இடது தூணில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அடியில். முழங்காலுக்கும் கீழே.

எரிந்தது. அணைந்தது.

வாசலில் யாரும் இல்லை.

'பேட்டரியில ஓடுது போல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கரண்ட் போனால் ஓடுவதற்கு உள்ளே ஒரு பேட்டரி உண்டு. நாய் ஏதாவது நுழைந்திருக்கும். ஆனால் நாய் காலில் இரும்பு ஏது?

எழுந்து போய்த் தானே அந்த வாசலில் நடந்து பார்த்தார். இடுப்பில் அரைக் கிலோ சாவிக்கொத்து. கையில் டார்ச்.

வாசல் மூச்சுவிடவில்லை.

மறுபடி நடந்தார். சாவியை வேண்டுமென்றே குலுக்கினார். ஒன்றும் இல்லை. செத்த கட்டை மாதிரி நின்றது.

அப்படியென்றால் சற்றுமுன் கத்தியது எது?

வேர்வை காதோரம் இறங்கியது. வெயிலால் வந்த வேர்வை இல்லை.

அப்போது தையல் ஹாலுக்குள் சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்... டக்.

ஹாலைப் பூட்டியவர் அவர். சாவி அவர் இடுப்பில்.

சர்ர்ர்ர்... டக்.

கேட்ட சத்தம்தான். தரையில் காந்தம் இழுபடும் சத்தம். மெஷின் காலில் முட்டி நிற்கும் சத்தம். ஒரு மெஷின்... அடுத்த மெஷின்... யாரோ வரிசையாகத் தேடிக்கொண்டு போகிறார்கள்.

போனை எடுத்து வஹீதாவைக் கூப்பிட்டார்.

"காந்தத்தை எங்கம்மா வெச்ச?"

"ஆணியில மாட்டிட்டுத்தான் வந்தேன். ஏண்ணா?"

"உள்ள யாராவது தங்கிட்டாங்களா?"

"இல்லண்ணா. நான்தான் கடைசி... இன்னாண்ணா ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒன்னும் இல்ல. வை."

பூட்டைத் திறந்தார். சரியான சாவியே மூன்று தடவை தப்பாகப் போனது.

டார்ச் வெளிச்சத்தில் மெஷின்கள். துணி மூடிய மெஷின்கள். முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்த பெண்கள் மாதிரி வரிசை வரிசையாக.

சர்ர்ர்ர்...

மூன்றாவது லைன்.

...டக்.

கடைசி மெஷினை நோக்கிப் போகிறது.

அது யாருடைய மெஷின் என்று அவருக்குத் தெரியும்.

"பட்டு..."

சத்தம் நின்றது.

டார்ச்சைத் திருப்பினார்.

கடைசி மெஷின். அதற்கு மட்டும் மூடிய துணி இல்லை. மடித்து ஓரமாக வைத்திருந்தது.

ஸ்டூல் வெளியே இழுத்துக் கிடந்தது.

தரையில் காந்தம்.

அதன் நுனியில்... என்னவோ மின்னியது.

குனிந்து எடுத்தார். ஸ்க்ரூ. ஒன்றரை விரற்கடை நீளம். தலையில் ஆறு மூலைக் குழி. தலை ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு.

அதன் மரையில் ஏதோ சுற்றியிருந்தது.

முடி.

நீளமான, நரைத்த, ஒற்றை முடி.

கொண்டையிலிருந்து எடுத்த மாதிரி.

காதுக்குப் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பகல் முழுக்க லைனில் உட்கார்ந்து, வேலை முடித்து எழும்போது விடும் பெருமூச்சு.

அவர் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

வெளியே சைரன் ஊதியது. ஒத்திகை முடிந்தது.

மெயினை ஏற்றி, குழல் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். ஸ்க்ரூ இருந்தது. முடி இல்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்த மெக்கானிக் அப்துல் ஹமீதைப் பிடித்தார்.

"ஹமீத், இது எந்த மெஷினோட ஸ்க்ரூ?"

ஹமீத் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆம்பூரில் ஓடும் மெஷினில் முக்கால்வாசியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிய ஆள். "நம்ம மெஷினு எதுலயும் இந்த மாதிரி கெடையாதுண்ணா. மரையே வேற ரகம். எங்க கெடச்சுது?"

"காந்தத்துல ஒட்டிக்கிட்டு இருந்துது."

ஹமீத் சிரித்தார். "காலையிலயே தமாஷா? இது ஒசந்த எவர்சில்வருண்ணா. காந்தத்துல ஒட்டாது." காந்தத்தை எடுத்து வந்து ஸ்க்ரூவின் மேல் வைத்துத் தூக்கினார். காந்தம் மட்டும் வந்தது. ஸ்க்ரூ மேஜையிலேயே கிடந்தது. திருப்பி வைத்தார். உரசினார். ஒட்டவில்லை.

சாமுவேல் ஒட்டாத அந்த ஸ்க்ரூவையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கேட்டு வாசலுக்குள்ள பேட்டரி இருக்குதே... கரண்ட் போனா அதுல ஓடும் இல்ல?"

"பேட்டரி செத்துப் போய் ஒரு மாசம் ஆச்சேண்ணா. நான்தான் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருக்கறேன். உள்ள வெறும் பெட்டிதான் இருக்குது."

பத்து மணிக்கு எல்லாரும் நினைவுக் கல்லைச் சுற்றி நின்றார்கள். மெஷின்கள் நின்றன. மாலை விழுந்தது. மூன்று பெயர்களைப் படித்தார்கள். கல் வெட்டுகிறவன் உளியோடு ஓரமாகத் தயாராக நின்றான். வக்கார், சாமுவேலின் முகத்தைப் பார்த்தார்.

சாமுவேல் இந்தத் தடவை குனியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேணாம் பாய்."

"ஏம்ப்பா? இன்னும் எத்தினி வருஷம்..."

"ஒரு துண்டு வெளிய இருக்குது. துண்டு சேராம கணக்கை முடிக்கக் கூடாது. நீங்கதானே போர்டுல எழுதி மாட்டியிருக்கீங்க?"

வக்காருக்கு அவர் சொன்னது புரியவில்லை. ஆனால் முப்பது வருஷம் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தவர். அந்தச் சட்டத்துக்கு எதிராக அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கல் வெட்டுகிறவனுக்குச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினார்.

சாமுவேலுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் வாசலை அணைக்காமல், இடது தூணின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது கத்தவே இல்லை. பேய் வந்துவிடுமோ என்று பயந்தவர்களை நமக்குத் தெரியும். வரவில்லையே என்று ஏங்கி, கொசுக்கடியில் ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்திருந்தது அங்கே மட்டும்தான்.

ஐந்து மாதம் கழிந்தது.

வடக்கிலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது. இந்தியில் பேசினார்கள். வக்காருக்கு உருது என்றால் தண்ணீர் பட்ட பாடு. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். எதிரே சாமுவேல்.

"பழைய குண்டு வெடிப்புக் கேஸு சாமான் எல்லாத்தையும் தெறந்து சரி பார்க்கச் சொல்லி மேல இருந்து ஆர்டராம்... பாதுகாப்பை டைட் பண்றாங்களாம்... ஒரு பை. யாருதுன்னே தெரியாம ஏழு வருஷமா மூலையில கெடந்ததாம். உள்ள கொஞ்சம் எலும்பு. ஒரு தகடு. எட்டு ஓட்டை இருக்குதாம்."

சாமுவேல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீல் வெக்கறப்ப எடுத்த போட்டோவுல எட்டு ஸ்க்ரூ இருக்குது. தெறந்தா ஏழுதான் இருக்குதாம். சீல் ஒடையல. பை கிழியல. ஒரு ஸ்க்ரூவைக் காணோம்."

வக்காரின் குரல் தணிந்தது.

"ஆபீஸே ஆடிப் போச்சாம். குண்டு வெடிப்புக் கேஸுல ஒரு பொருள் கொறஞ்சா எல்லாருக்கும் வேலை போய்டும். எல்லாரும் குனிஞ்சு தேடியிருக்காங்க. கெடைக்கல. யாரோடதுன்னாவது கண்டுபிடிப்போம்னு, அப்பதான் அந்தத் தகட்டைக் கரி போகக் கழுவியிருக்காங்க. நம்பர் தெரிஞ்சுதாம். அதை வெச்சு வேலூர் ஆஸ்பத்திரி. அங்க இருந்து..."

வக்கார் சாமுவேலைப் பார்த்தார். ரிசீவர் கையில் அப்படியே இருந்தது.

'ஒரு துண்டு கொறஞ்சாத்தான் கம்பெனியே குனிஞ்சு தேடும்.'

சாமுவேல் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.

கோர்ட் உத்தரவெல்லாம் வாங்கி, இந்த வருஷம் நினைவு நாளன்றுதான் பெட்டி வந்தது. வடக்கத்தி அதிகாரி ஒருவர் தன் கையாலேயே எடுத்து வந்தார். சின்னப் பெட்டி. மேலே தேசியக் கொடி. போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வஹீதாவும் நானூறு பெண்களும் மாலையோடு நின்றார்கள்.

சாமுவேல் தட்டை நீட்டினார். அதிகாரி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றித் தட்டில் வைத்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குள் காலெடுத்து வைத்தார்.

டூ...ட்.

பெட்டி இருந்தது நெஞ்சு உயரத்தில். விளக்கு எரிந்தது இடது தூணின் அடியில். முழங்காலுக்கும் கீழே.

அதிகாரியின் முகம் வெளுத்தது. நின்ற இடத்திலேயே நின்று அந்த விளக்கையே பார்த்தார்.

சாமுவேல் பெட்டியை வாங்கிக் கல்லின் முன் வைத்துத் திறந்தார். தகடு. ஏழு ஸ்க்ரூ. சட்டைப் பையிலிருந்து எட்டாவதை எடுத்து, காலியாக இருந்த ஓட்டையில் வைத்தார். அதற்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. அதிகாரி பழைய போட்டோவை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அதிலும் எட்டாவது ஸ்க்ரூவின் தலையில் சின்னதாக ஒரு வெட்டு. அதே இடத்தில்.

சாமுவேல் வக்காரைப் பார்த்தார். "இப்பப் போடச் சொல்லுங்க பாய்."

டக்... டக்... டக். நான்காவது பெயர் கல்லில் இறங்கத் தொடங்கியது.

அதிகாரி வக்காரிடம் என்னவோ கேட்டார். அப்புறம் நிறுத்தி நிறுத்தி என்னவோ சொன்னார். கேட்கக் கேட்க வக்காரின் கை மயிர் சிலிர்த்து நின்றது பக்கத்தில் இருந்த வஹீதாவுக்கே தெரிந்தது.

"இன்னா பாய்?"

"அந்த சாமான் வெக்கற ரூமு வாசல்லயும் இதே மாதிரி ஒரு டிடெக்டர் இருக்குதாம். அங்கயும் ஒரு செக்யூரிட்டி. போன வருஷம், நினைவு நாளுக்கு மொத நாள் சாயங்காலம், வாசல் கத்துச்சாம். யாரும் இல்ல. விளக்கு மட்டும் அடியில, இதே மாதிரி எரிஞ்சுதாம். சொன்னதுக்கு, குடிச்சிருக்கியான்னு அந்த ஆளைத் திட்டினாராம் இவரு."

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டார் சாமுவேல்.

வக்கார் திரும்பிக் கேட்டார். பதில் வந்தது.

"ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப."

இங்கே கத்தியது ஏழு மணிக்கு. அந்த ஊரிலிருந்து ஆம்பூருக்கு இரண்டு ராத்திரி ரயிலில் வர வேண்டும்.

உளிச் சத்தம் மட்டும் கேட்டது.

சாமுவேல் கல்லின் ஓரத்தில் படிந்த தூசியை விரலால் துடைத்தார்.

"இந்த வாட்டி வழியில டீக்கு எறங்கல, பாருங்க" என்றார்.